குறுவைக்கு ஒன்று, சம்பாவுக்கு ஒன்று: காரைக்கால் கடலில் விளையும் 'பயிர்' தெரியுமா?

காரைக்கால் மாவட்டம், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் இருக்கும் ஊர் போலகம். வயலும் அங்கேதான், கொஞ்ச தூரத்தில் கடலும் அங்கேதான். குறுவை எப்போ, சம்பா எப்போ என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஏறக்குறைய அதே மாதங்களில் கிழக்கே வங்கக்கடலிலும் ஒரு பயிர் முளைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பயிர். பெயர், ஃபைட்டோபிளாங்க்டன், தமிழில் தாவர மிதவை நுண்ணுயிரிகள்.

பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கிட்டத்தட்ட பாதி இவற்றின் வேலை. மத்தி, நெத்திலி எல்லாம் கடைசியில் இந்தப் பயிரை நம்பித்தான் இருக்கின்றன.

உரம் அடியில், வெயில் மேலே

கடல் பயிருக்கு இரண்டே தேவை: வெயில், உரம். சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. செத்த உயிர்களும் கழிவும் மூழ்கி மட்குவதால் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் ஆழத்தில் சேர்கின்றன. வெயில் படுவதோ மேல்நீரில் மட்டும். அடியில் கிடக்கும் உரமூட்டையை யாராவது மேலே தூக்க வேண்டும். தூக்குவது காற்று.

எப்படி? ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான், சோழகம் என்று கடற்கரையில் சொல்லும் தென்மேற்குக் காற்று, கரைக்கு இணையாக வடக்குப் பக்கம் அடிக்கிறது. தண்ணீரும் வடக்கேதானே போகணும்? போகாது. பூமி சுழல்வதால், வடக்கு அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் காற்றுக்கு வலப்பக்கம் விலகும். வடக்கே பார்த்து நின்றால் காரைக்காலில் வலப்பக்கம் கடல். மேல்நீர் கரையை விட்டு விலக, அந்த வெற்றிடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, உரம் நிறைந்த நீர் மெதுவாக ஏறுகிறது. இதுதான் மேலெழுச்சி. நாளுக்குச் சில மீட்டர் வேகம்தான். ஆனால் அதுவே போதும். டயாட்டம் போன்ற நுண்பாசிகள் ஓரிரு நாளில் இரட்டிப்பாகிவிடும்.

1989 ஜூலை, ஆகஸ்ட்டில் கோவாவின் தேசிய கடலாய்வு நிறுவனத்தினர் இந்தியக் கிழக்குக் கரையை ஒட்டி, சுமார் 40 கி.மீ. அகலப் பட்டையில் இதை அளந்து பார்த்தார்கள்.

ஆனாலும் கேரளக் கரை அளவுக்கு இங்கே பச்சை பிடிப்பதில்லை. காரணம், வங்கக்கடலின் மேல் பால் ஆடை மாதிரி ஒரு நன்னீர்ப் படலம். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி கொட்டும் தண்ணீரும் மழைநீரும் லேசானவை, மேலேயே நிற்கும். கீழே இருக்கும் உப்பு நீர் அதைக் கிழித்துக்கொண்டு வருவது கஷ்டம்.

அப்போ நவம்பரில்?

இங்கேதான் கதை திரும்புகிறது. வடகிழக்குப் பருவத்தில் காற்று எதிர்த்திசை. அதே 'வலப்பக்க' விதிப்படி மேல்நீர் இப்போது கரையில் வந்து குவியும். குவிந்த நீர் கீழே இறங்கும். கரையோரத்தில் மேலெழுச்சிக்கு வழியே இல்லை.

இருந்தும் அந்த மாதங்களில் தென்மேற்கு வங்கக்கடல், அதாவது தமிழகக் கரைக்கு அப்பால் இருக்கும் ஆழ்கடல், செயற்கைக்கோள் படங்களில் பச்சையாகத் தெரிகிறது. 2003-ல் பி.என்.வினயச்சந்திரனும் சிமி மேத்யூவும் இதற்கு விளக்கம் தந்தார்கள். கடல்மேல் காற்று எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் அடிப்பதில்லை. எங்கே அது இடஞ்சுழியாக வளைகிறதோ அங்கே மேல்நீர் நாலாபக்கமும் விலகும். நடுவில் அடிநீர் ஏறும். கரையே தேவையில்லை, நடுக்கடலிலும் நடக்கும். புயல் என்பது இதே இடஞ்சுழி, பல மடங்கு வேகத்தில். நன்னீர்ப் படலத்தைக் கலக்கி, உரத்தை மேலே இழுத்து, பூப்பைப் பெரிதாக்கிவிடும்.

2018 நவம்பரில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜாவை இந்தக் கடற்கரையில் யாரும் உரவண்டி என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

எல்லாப் பூப்பும் நல்லதும் இல்லை. 2019-ல் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின. பூப்பு அடர்ந்து அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்துவிடுகிறது.

பயிர் இருக்கு, படகு?

ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம், கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கூடும் இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. பசுமையும் குளிர்ச்சியும் சந்திக்கும் எல்லைகளைத்தான் அது தேடுகிறது. தேடி அலையும் டீசல் மிச்சம்.

குறுவைக்காலப் பயிருக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-ல் தொடங்கும் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 14-ல் முடியும்போது தென்மேற்குக் காற்றும் தொடங்கியிருக்கும்.

சம்பாக்காலப் பயிர்தான் கையைக் கட்டிவிடுகிறது. புயல் உரம் போடும் நாளில் படகு கடலுக்குப் போகக்கூடாது. கடல் சீறும் நாட்களில் இன்காய்ஸ் அறிவிப்பும் வராது. அலை அடங்கினாலும் மேகம் மூடியிருந்தால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. கரையோரத்தில் இன்னொரு குழப்பம்: அரசலாறு வெள்ளத்தோடு கொண்டுவரும் சேறும் படத்தில் பாசி மாதிரியே தெரியக்கூடும். வானம் வெளுத்து, சேறு படிந்து, பச்சை சரியாகத் தெரியும் வரை டீசலை எந்தத் திசையில் செலவழிப்பது என்பதைப் படகுக்காரர்தான் முடிவு செய்யணும்.