சுவிட்சைத் தட்டும் முதல் கணம்

பழைய குண்டு பல்பு எப்போது உயிரை விடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நிம்மதியாக எரிந்துகொண்டிருக்கும்போது விடுவது குறைவு. சுவிட்சைத் தட்டிய கணத்தில்தான் பெரும்பாலும் 'பளிச்'சென்று வெட்டிவிட்டு அணைந்துபோகும்.

காரணம் எளியது. நூறு வாட் பல்பின் இழை சூடேறிய பிறகு சுமார் 530 ஓம் தடை காட்டும். குளிர்ந்து கிடக்கும்போதோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே முதல் கணத்தில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் மின்சாரம் பாய்கிறது. நைந்துபோன இழை அதைத் தாங்குமா?

இந்த முதல் கணத்தைப் பற்றி எழுதத் தூண்டியது என் சொந்தத் தவறு. கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். எங்கள் பள்ளியில் ஆறு கணினிகளை ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டியிருந்தோம். ஒரு மழை நாளில் மின்சாரம் போய்த் திரும்பியது. சுவிட்சுகளை யாரும் அணைக்கவில்லை. ஆறும் ஒரே சமயத்தில் உயிர்பெற்றன. பிளக்கிலிருந்த 13 ஆம்பியர் பியூஸ் போய்விட்டது. மாற்று பியூஸ் கைவசம் இல்லை. நான் செய்த காரியம் என்ன தெரியுமா? சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் செருகினேன். வேலை செய்தது, பெருமைப்பட்டுக்கொண்டேன். சில நாள் கழித்து யாரோ அதே கம்பியில் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலையும் மாட்டிவிட்டார்கள். கருகல் நாற்றம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் பிளக் பழுப்பேறி உருகியிருந்தது. பக்கத்திலேயே பிள்ளைகளின் பைகள்!

அந்த வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பாயான் லெப்பாஸில் மின்னணுப் பலகைகளைச் சோதிப்பது அவள் வேலை. வயல்வெளியாக இருந்த அவ்விடத்தில் 1972இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தது. இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அதே ஆண்டு பினாங்கில்தான் தொடங்கியது. அக்கரையிலிருந்து பெண்கள் அந்நாளில் ஃபெர்ரி ஏறி வேலைக்குப் போனார்கள். 1985இல் பாலம் திறந்தபின் தொழிற்சாலைப் பேருந்திலேயே போகலானார்கள். இவளும் அப்படிப் போகிறவள்தான்.

என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "சார், கணினி வழக்கமா எடுக்கிற மின்சாரம் கொஞ்சம்தான். ஆனா உள்ளே கண்டென்சர் காலியா இருக்கே! அது நிரம்புற அந்த ஒரு கணம்தான் ஆபத்து" என்றாள்.

கணக்கைப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் அலையின் உச்சியில் அது 325 வோல்ட். காலியான கண்டென்சர் முதல் கணத்தில் வெறும் கம்பியைப் போல நடந்துகொள்ளும். பாதையில் இரண்டு ஓம் தடை மட்டுமே இருந்தால் 160 ஆம்பியருக்கு மேல் பாயும்! கண் இமைக்கும் நேரம்தான். ஆனாலும் சுவிட்சின் முனை தீய்வதும், பியூஸ் நைவதும் அதற்குள் நடந்துவிடும்.

இதைத் தடுக்க வழியில் தெர்மிஸ்டர் என்னும் சிறு வில்லையை வைக்கிறார்கள். குளிர்ந்திருக்கையில் அதன் தடை பத்து ஓம் என்று வைத்துக்கொள்வோம். 160 ஆம்பியர் 27 ஆகக் குறைந்துவிடும். மின்சாரம் ஓட ஓட வில்லை சூடேறும். தடை ஒரு ஓமுக்கும் கீழே இறங்கி வழிவிடும். சூடேறினால் தடை குறையும் இந்த விந்தையை 1833இலேயே மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்பைடில் கண்டார்.

வாத்தியார் பாணியில் சொல்கிறேனே! ஓய்வு மணி அடித்ததும் பிள்ளைகள் மொத்தமாக வாசலுக்குப் பாய்வார்கள். ஆசிரியர் ஒருவர் குறுக்கே நின்று வரிசையாக அனுப்புவார். நெரிசல் தீர்ந்ததும் ஒதுங்கிக்கொள்வார். தெர்மிஸ்டர் அந்த ஆசிரியர்தான். ஆனால் அவர் வாசலுக்குத் திரும்புமுன் மறுபடி மணி அடித்தால்? தடுக்க ஆளில்லை! கணினியை அணைத்த வேகத்தில் மீண்டும் போட்டால் நடப்பதும் அதுவே. வில்லை ஆறுவதற்கு ஒரு நிமிடமாவது வேண்டும்.

புதுப் பலகைக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்கையில், இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று அளவு கட்டித்தான் கொடுப்பார்களாம். எங்காவது தவறான இணைப்பு இருந்தால் மீட்டர் காட்டிக்கொடுக்கும், பலகை கருகாது. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இதே காரியத்துக்குத் தொடரில் ஒரு குண்டு பல்பை மாட்டினார்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நலம். அந்த மின்னல்தான் முதல் கணத்துப் பாய்ச்சல். மங்காமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே கோளாறு. தேர்ந்தவர்கள் செய்யும் சோதனை இது, வீட்டில் வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது மூன்று. மின்சாரம் போனால் சாதனங்களின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்பியபின் ஓரிரு நிமிடம் பொறுத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸையே மாட்டுங்கள். மீண்டும் போனால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். சாதனத்தின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்த உருகிய பிளக்கை நான் எறியவில்லை. அறிவியல் பாடத்தன்று மேசைமேல் வைக்கிறேன். "யார் சார் இப்படிச் செய்தது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான்தான் என்று சொல்கிறேன். அந்தப் பாடத்தை மட்டும் அவர்கள் மறப்பதில்லை!