நெஞ்சில் அடைப்பு, ஊசி மணிக்கட்டில் ஏன்?

இதயத் தமனியின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயையே அடைத்துவிடுகிறது. அரை மணி நேரத்திலேயே இதயத் தசை சாகத் தொடங்கும். செத்த தசை திரும்ப வளராது.

அதனால்தான் அடைப்பைத் திறக்க அத்தனை அவசரம். அதற்கான ஊசியை மருத்துவர்கள் மணிக்கட்டில் போடுவதற்குக் காரணம் உண்டு. மணிக்கட்டுத் தமனி தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. ரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாம். தொடையில் அது அவ்வளவு எளிதல்ல. மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்திச் சாயம் விடுகிறார்கள். எக்ஸ்ரே திரையில் கறுப்பாக ஓடிவரும் கோடு ஓரிடத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். அந்த அடைப்பை 0.36 மி.மீ. கம்பி கடக்கிறது. அதன்மேல் போகும் பலூன் விரிய, ஸ்டென்ட் என்ற உலோக வலை சுவரோடு பதிகிறது. 1977-ல் சூரிச்சில் ஆந்திரேயாஸ் குரூன்ட்சிக் முதன்முதலில் இதயத் தமனியில் பலூன் விரித்தபோது ஸ்டென்ட் கிடையாது; அது 1986-ல்தான் வந்தது.

மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறப்பது இலக்கு. ‘வாயுப் பிடிப்பு’ என்று வீட்டில் சோடா குடித்துக் காத்திருக்கும் நேரம் இந்தக் கணக்கில் வராது. தசை அப்போதும் செத்துக்கொண்டுதான் இருக்கும். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்தால், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.