உங்களுக்குத் தெரியுமா? கசப்புக்கும் மணத்துக்கும் ஒரே ஹாப்ஸ்

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் கொடியின் பெண் பூக்கள். அமெரிக்காவின் பழைய ரகமான கிளஸ்டர் இரண்டுக்கும் உதவும். பூவின் செதில்களுக்கு அடியில் மஞ்சள் தூளாகப் படிந்திருக்கும் லுபுலின் பிசினில்தான் இவ்விரண்டும் உள்ளன. முளைகட்டிய பார்லிச் சாற்றில் ஒரு மணி நேரம் கொதித்தால் அதன் ஆல்ஃபா அமிலம் கசப்பேறும், மணம் ஆவியாகிவிடும். கடைசி சில நிமிடங்களில் சேர்த்தால் பூ மணமும் பழ வாசனையும் தங்கும்.

இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் விளைகிறது. ரோஜாவுக்கு ஏற்ற ஓசூரின் குளுமை மட்டும் இதற்குப் போதாது. நீண்ட கோடைப் பகலில் கொடி உயர்ந்து, அதன்பிறகே பூக்க வேண்டும். ஓசூரின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. அதனால் கொடி உயருமுன்பே பூத்து, விளைச்சல் குன்றும். பிரேசிலில் விளக்கொளியால் பகலை நீட்டி இதைப் பயிரிடுகிறார்கள்.