சேலைக்கு வேகும் பட்டும் தடுப்பூசியும்

காஞ்சிபுரத்தில் பட்டு நூல் சாயத்துக்குப் போவதற்கு முன்னாடி, சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே போய்விடும். கரைவது செரிசின் என்கிற பசை. புழு கூடு கட்டும்போது இழைகளை ஒட்டவைப்பது அதுதான். மிஞ்சுவது ஃபைப்ரோயின், பளபளப்பும் உறுதியும் இதனுடையவை.

அறுவை சிகிச்சைத் தையலுக்கும் பட்டு நூல் ரொம்ப காலமாகப் பயன்படுகிறது. பசை ஒட்டியிருந்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் அழற்சி வரலாம். அதனால் மருத்துவ ஆய்வுக்கூடத்திலும் முதல் வேலை இதேதான்: பட்டுக்கூட்டை சோடா உப்பு நீரில் கொதிக்க வைப்பது. அப்புறம் ஃபைப்ரோயினை லித்தியம் புரோமைடில் கரைத்து, அந்த உப்பை நீக்கி, மெல்லிய படலமாகக் காயவைப்பார்கள்.

அந்தப் படலத்தால் என்ன லாபம்? அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லான் குழு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி மருந்தை அதற்குள் வைத்துப் பார்த்தது. 45 டிகிரி செல்சியஸில் 6 மாதம் இருந்த பிறகும் வீரியத்தில் பெரும்பகுதி மிஞ்சியதாக 2012-ல் அறிவித்தார்கள். வழக்கமாக இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கணும்.

காரணம் புரதத்தின் அமைப்பில் இருக்கிறது. கிளைசின், அலனின் மாதிரி சின்ன அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஃபைப்ரோயின் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். நடுவில் சிக்கிய மருந்துக்கு அசைந்து உருக்குலைய இடமும் கிடைக்காது, ஈரமும் கிடைக்காது.

இது ஆய்வுக்கூட முடிவு. மனிதரிடம் சோதித்துத் தேறினால்தான் மருந்தாகும். ஆனால் சித்திரை வெயிலில் கரண்ட் போய், ஃபிரிட்ஜ் நின்றுபோகிற கிராமத்து சுகாதார நிலையத்துக்கு இந்த 45 டிகிரி ரொம்பப் பெரிய விஷயம்.