லேசாத்தானே ஷாக் அடிக்குது?

போன வாரம் பெரியப்பா வீட்டுப் பரண்ல இருந்து ஒரு பழைய பென்டியம் பிசியை இறக்கினோம். அவரோட கடைக் கணக்கு மொத்தமும் அதுக்குள்ளதான். அண்ணன் பையன், ஏழு வயசு, பவர் கார்டோட ரெடியா நிக்கிறான். பெரியப்பா சாதாரணமா சொன்னார்: "அது அப்பவே லேசா ஷாக் அடிக்கும்டா. செருப்பு போட்டுக்கிட்டா சரியாயிடும்."

நான் கார்டை வாங்கி வெச்சுட்டேன். அந்த 'லேசா'வைப் பத்திதான் இன்னைக்கு எபிசோட்.

எஸ்எம்பிஎஸ் உள்ள, கரன்ட்ல வர்ற இரைச்சலை வடிகட்ட, ஃபேஸ்ல இருந்து ஒண்ணு, நியூட்ரல்ல இருந்து ஒண்ணுன்னு ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் கேபினட்டோட சேர்ந்திருக்கும். எர்த் சரியா இருந்தா அந்தக் கசிவு தரைக்குப் போயிடும். எர்த் இல்லைன்னா கேபினட் 230 வோல்ட்டுல பாதி, சுமார் 115 வோல்ட்டுல மிதக்கும். கசியற கரன்ட் ரொம்பக் கம்மிங்கிறதால ஜிவ்வுன்னு மட்டும் இருக்கும். அது ஆளைக் கொல்லாது. ஆனா எர்த் இல்லைங்கிறதை அது சொல்லுது. நாளைக்கு உள்ள ஃபேஸ் ஒயர் உரிஞ்சு கேபினட்ல பட்டா, ஃபியூஸ் போகாது. முழு 230 வோல்ட்டும் யாராவது வந்து தொடுற வரைக்கும் அங்கேயே காத்திருக்கும்.

சரி, செக் பண்ணினோம். எதையும் சுவத்துல சொருகாம, மல்டிமீட்டரை பீப் மோடுல வெச்சு, ஒரு முனை பிளக்கோட பெரிய பின்ல, இன்னொண்ணு கேபினட் பின்னாடி ஸ்க்ரூல. பெயின்ட் மேல வெச்சா ஏமாத்திடும். பீப் வந்துச்சு. அப்போ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்? அதுல பீப் இல்ல. கழட்டிப் பார்த்தா மூணு ஓட்டை இருக்கு, வர்றது ரெண்டே ஒயர்! இத்தனை வருஷமா அதுலதான் ஓட்டியிருக்காங்க. (உங்க வீட்டுதையும் ஒரு தடவை பாருங்க. சுவத்து பாயின்ட்ல எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க.)

பாக்ஸை மாத்திட்டு ஆன் பண்ணலாம்தானே? இல்ல. 1995-ல இன்டெல் ஏடிஎக்ஸ் கொண்டு வர்றதுக்கு முன்னாடி வந்த ஏடி மாடல் மெஷின்ல, முன்பக்க பட்டனுக்கே நேரா 230 வோல்ட் போகும். பிரவுன், நீலம், கறுப்பு, வெள்ளைன்னு நாலு ஒயர். இது அந்த மாடல்தான். தகரத்தோட ஓரத்துல உரசுற இடத்துல பிரவுன் ஒயரோட உறை விரல்ல பட்டதும் உதிர்ந்துச்சு. எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்கிற சிவப்பு ஸ்விட்சையும் பாருங்க, 115-ல இருந்தா நம்ம ஊர் கரன்ட்டுக்கு உள்ள கெப்பாசிட்டர் வெடிக்கும். ஆனா எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறந்துடாதீங்க. பிளக்கை எடுத்த பிறகும் 300 வோல்ட் வரைக்கும் உள்ள தேங்கியிருக்கலாம்.

கடைசியில பிசியை ஆன் பண்ணவே இல்ல. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர்ல என் லேப்டாப்போட சேர்த்தேன். கணக்கு ஃபைல் அத்தனையும் வந்துடுச்சு. பெரியப்பா ராத்திரி வரைக்கும் பழைய கடன் பாக்கியைப் பார்த்துக்கிட்டிருந்தார். பையனுக்குத்தான் பட்டனை அமுக்க முடியலேன்னு செம கடுப்பு.