கோலார்த் தங்க வயல்: மூடிய சுரங்கமும் காண்போர் கடமையும்

1851-ல் நிறுவப்பெற்று, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள் எனச் சில பாறைகளை அறிவித்துள்ளது. கர்நாடகத்தில் கோலார்த் தங்க வயலுக்கு அண்மையிலுள்ள பெத்தபள்ளிப் பாறை அவற்றுள் ஒன்று. தொன்மையான எரிமலை சிதறிய துண்டுகள் இறுகி உருவானது அது.

இவ்வட்டாரத்தின் கரும்பாறைகளினூடே படிகக்கல் நரம்புகள் ஓடுகின்றன. அந்நரம்புகளிலேயே தங்கம் பொதிந்திருந்தது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு நவீன முறையில் சுரங்கம் தோண்டினர். 1902-ல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே மின்சாரம் வந்தது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் இங்கு உழைத்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைக் கடந்தது. மேலுள்ள பாறையின் பெரும் அழுத்தத்தால் சுரங்கச் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. இதனால் உயிரிழந்தோர் பலர்.

அதே ஆழம் விஞ்ஞானத்திற்குப் பயன்பட்டது. மேலுள்ள பாறை பிற காஸ்மிக் கதிர்த் துகள்களைப் பெரிதும் தடுத்துவிடுவதால், எதனையும் ஊடுருவும் நியூட்ரினோவின் அடையாளத்தை அங்கே பிரித்தறிய இயலும். 1965-ல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் விளைவை இங்கே கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இது காணப்பட்டது.

தாதுவின் தரம் குறைந்து செலவு மிகுந்தமையால், 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைப்பு நின்றதும் ஆழ்குழிகளில் நீர் நிறைந்தது.

1989-ல் மூடப்பட்ட ஜப்பானின் சாடோ சுரங்கம் மக்கள் காணும் இடமாகியது. 2024-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. மலைச்சரிவிலிருந்து நடந்தே செல்லத்தக்க குடைவுகள் அங்குள்ளன. கோலாரின் செங்குத்தான குழிகளோ அவ்வாறானவை அல்ல. இங்கே காணத்தக்கவை நிலத்தின் மேலுள்ள தூக்கு கோபுரங்களும் பழைய கட்டடங்களும் பாறைகளுமே.

தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்பட்டது. அரைத்த பாறையின் கழிவு, குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. கோடையில் அதன் நுண்தூள் காற்றில் பறந்து குடியிருப்புகளை அடைகிறது. மழையில் கரைந்து நீர்நிலைகளை நாடுகிறது. எனவே காட்சியிடம் அமைப்பதற்கு முன்னர், கழிவுக் குன்றுகளில் தாவரம் வளர்த்து மண்ணைப் பிணைத்தலும், கைவிடப்பட்ட குழிகளை மூடி வேலியிடுதலும் வேண்டும்.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அவர்களைக் குழிகளுக்கும் கழிவுக் குன்றுகளுக்கும் அப்பால் நிறுத்துதல் அவசியம். களப்பணியாளர்கள் முதிய தொழிலாளரின் அனுபவங்களை இப்போதே எழுதி வைத்தல் நன்று. பாறை காத்திருக்கும், மனித நினைவு காத்திராது.