எக்ஸ்சேஞ்ச் வேடம் கட்டும் பெட்டி

செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ரோடு வேலையில் கேபிள் அறுந்ததிலிருந்து எங்கள் வீட்டு லேண்ட்லைன் ஊமை. அம்மாவுக்கு செல்போன் திரை பழகவில்லை. அந்தப் பழைய போனிலேயே சிம் போட்டுப் பேச வழி உண்டா?"

உண்டு. எஃப்.சி.டி. என்று கேட்டால் ஒரு சின்னப் பெட்டி தருவார்கள். ஒரு பக்கம் சிம், மறுபக்கம் வீட்டு போனின் வயர். 'உங்கள் லேண்ட்லைன் இனி ஸ்மார்ட்' என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். போன் பழைய போன்தான்; தன்னை எக்ஸ்சேஞ்ச் என்று அதை நம்பவைப்பதுதான் பெட்டியின் சாமர்த்தியம்.

அதற்குப் பெட்டி படும் பாடு கொஞ்சமில்லை. அடாப்டரில் வரும் சில வோல்ட்டை ஏற்றி, எக்ஸ்சேஞ்ச் தருவதுபோல வயருக்கு மின்சாரம் ஊட்ட வேண்டும். அழைப்பு வந்தால் மணி அடிக்க 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ். அந்த நேரம் வயரில் கை பட்டால் சுரீரென்று இருக்கும். ரிசீவரை எடுத்ததும் 'கொர்ர்' என்று கேட்கிறதே, அது டவரிலிருந்து வருவதில்லை. செல்போன் உலகில் டயல் டோனே கிடையாது. 400 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஹெர்ட்ஸில் நடுங்கவிட்டுப் பெட்டியே பாடுகிறது!

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் சேர்ந்து கிளம்பும். பெட்டி அதைக் கேட்டு '5' என்று குறித்துக்கொள்ளும். ஆனால் டவருக்கு ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல முடியாது, முழு நம்பரையும் ஒரே மூச்சில் தர வேண்டும். செல்போனில் பச்சைப் பொத்தான் இருக்கிறது. வீட்டு போனில்? பத்து எண் ஆனதும் அனுப்பலாம் என்றால், அவசர உதவிக்கு 112 மூன்றே எண். லேண்ட்லைன் பழக்கத்தில் முன்னால் 0 போட்டால் பதினொன்று. ஆகவே பெட்டி கல்யாணத் தரகர்போல நடந்துகொள்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொரு கோரிக்கையாக இழுப்பார்கள். பெண் வீட்டாரோ மொத்தமாக ஒரே சீட்டில் கேட்பார்கள். தரகர் எழுதிக்கொண்டே, "வேறேதும் உண்டா?" என்று வாய் பார்த்திருப்பார். சில விநாடி மௌனம் என்றால் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு ஓடுவார். அம்மா ஏழாவது எண்ணில் கண்ணாடியைத் தேடினால் போச்சு, அரைச் சீட்டோடு சம்பந்தம் பேசப் போய்விடுவார். 'கடைசி எண்ணுக்குப் பின் # அழுத்தவும்' என்று பல பெட்டிகளின் கையேட்டில் இருப்பது தரகரைக் காக்கவைக்காமல் அனுப்பத்தான்.

வரலாறு வேண்டுமா? 1990களிலேயே சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய 'கார்டெக்ட்', கம்பியில்லாமல் வந்த அழைப்பைச் சுவர்ப் பெட்டியில் வாங்கிச் சாதாரண போனுக்குக் கொடுத்தது. பிறகு செல்போன் மலிந்தது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையே 2006 முதல் 2014 வரை செய்து குவித்தது. அவ்வளவுதான், கார்டெக்ட்டுக்கு வேலையில்லாமல் போனது.

இனி வாங்கும் விஷயம். 2ஜி மட்டும் தெரிந்த பெட்டிகள் இன்னும் விற்கின்றன. ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. 4ஜி குரல் அழைப்பு உண்டா என்று கேளுங்கள். சுழற்றும் டயல் போன் என்றால் கடையிலேயே சோதித்துப் பாருங்கள், பல பெட்டிகளுக்கு அதன் பாஷை புரியாது. பழைய லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து வந்ததால் கரண்ட் போனாலும் பேச முடிந்தது. பெட்டியில் அந்தச் சலுகை இல்லை, உள்ளே பேட்டரி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பேங்க் கணக்கில் கொடுத்திருக்கும் நம்பரின் சிம்மை மட்டும் அதில் போடாதீர்கள். ஓ.டி.பி. பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், படிக்கத் திரை இருக்காது.